ஒரு பக்கச் சான்றுக்காகப் பிள்ளைகளை அலையவிடாதீர்கள்: பதிவாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களுக்கும், கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கும், உயர்கல்வித் துறை அதிகாரிகளுக்கும்,

அரசு கலைக் கல்லூரி ஒன்றின் எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துகிறேன். இந்த பிப்ரவரியில் அந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில், ஒருவர் எந்த மொழியில் பாடம் படித்தார் என்று காட்டும் சான்றைப் பற்றி ஒரு தாள் ஒட்டினார்கள். ‘பயிற்றுமொழிச் சான்று இனி கல்லூரியில் வழங்கப்படமாட்டாது. தேவைப்படுவோர் பல்கலைக்கழகத்தை அணுகவும்.’ அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் யாரை அணுகுவது, எந்தப் படிவம், என்ன கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒரு வரி கிடையாது. ஆபீஸ் பிரிண்டரில் டோனர் தீர்ந்துபோனதால் அந்தத் தாளை என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தார்கள். அதனால் அதில் இல்லாதது என்னென்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த நேரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த ஒரு பெண் தைவானுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பேராசிரியர் அவளுடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, உதவித்தொகைக்கு விண்ணப்பி, ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று மெயில் போட்டிருந்தார். மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட் எல்லாம் தயார். ஆங்கில வழியில் படித்தாள் என்ற ஒரு பக்கச் சான்று மட்டும் பாக்கி. கல்லூரியில் கேட்டால் பலகையில் இருந்த தாளைக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில், “நீ எந்த மீடியத்துல படிச்சேன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்” என்றார்கள். மறுபடி கல்லூரி, மறுபடி பலகை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி மார்ச் 31. அன்று இரவு என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்க்ரீனில் அந்த ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே இருந்தது. எதையாவது அப்லோட் செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. ஸ்க்ரீனில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, “எவ்வளவு அண்ணா?” என்று கேட்டாள். பிரவுசிங்குக்கு.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு, ஒரு பக்கத் தாளுக்கு இவ்வளவு கலவரமா என்று தோன்றலாம். அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் உதவித்தொகையோடு படிக்க வேண்டுமென்றால் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதியே தீர வேண்டும் என்றுதான் நம் பக்கத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் நினைக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். பாஸ்போர்ட் இல்லாமல் எழுத முடியாது. பெரிய நகரம் ஒன்றுக்குப் போய்த்தான் எழுத வேண்டும். வாங்கிய மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். கேட்கிற மதிப்பெண்ணில் அரைப் புள்ளி குறைந்தால் திரும்பவும் பணம் கட்ட வேண்டும். கோச்சிங் சென்டர் செலவு தனி. என் கடைக்கு வரும் பெண் பிள்ளைகளில் பலர் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஒரு காசு எடுக்காமல் ஒன்றரை வருடம் சேர்த்தால் ஒரே ஒரு தேர்வுக்கான கட்டணம் தேறும். அந்தப் பணம் வந்த அன்றே வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் போகிற கதைகளும் எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தத் தேர்வு இல்லாமலே போகக்கூடிய வழிகள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளுக்காகப் படிவங்களை நிரப்பி நிரப்பி எனக்கே இவை அத்துப்படி. கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். போனதும் ஒரு வருடம் கொரிய மொழியை அவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். துருக்கி அரசின் உதவித்தொகையும் அப்படித்தான், முதல் வருடம் துருக்கி மொழிப் படிப்பு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகப் போனால் அவர்களே ஒரு எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள், ஐஇஎல்டிஎஸ் கட்டாயமில்லை. தைவானிலும் சீனாவிலும் பல பல்கலைக்கழகங்கள், முந்தைய பட்டம் ஆங்கில வழியில் படித்தது என்று சான்று கொடுத்தால் ஏற்றுக்கொள்கின்றன. இத்தாலியிலும் அப்படிப் பல. அங்கே வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பிராந்திய உதவித்தொகை இருக்கிறது. கிடைத்தால் கட்டணம் தள்ளுபடியாகி, செலவுக்கும் பணம் வரும். நம் பிள்ளைகளின் வருமானச் சான்றிதழுக்கு மரியாதை கிடைக்கிற இடம் அது. ஹங்கேரி அரசின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிகம் திட்டத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகளிலும் மொழி நிபந்தனை இடத்துக்கு இடம் மாறும். சிலர் தேர்வைத்தான் கேட்பார்கள், சிலர் இந்தச் சான்றை ஏற்பார்கள். எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. எங்கள் ஊரில் அந்தத் தொகையை ரூபாயில் மாற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பிரிட்டன் கதை கொஞ்சம் வேறு. அந்த நாட்டு விசா விதியின்படி பட்டப்படிப்புக்கு வரும் மாணவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன. நம் மாநிலப் பாடத்திட்டம் என்றால் சி.பி.எஸ்.இ.யைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகையும் தன் பங்குக்கு ஆங்கிலத் தேர்வு கேட்பதை நிறுத்திவிட்டது. சேரப்போகிற பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை நிறைவேற்றினால் போதும் என்கிறது.

இதை வைத்துத்தான் கன்சல்டன்சிகள் ‘ஐஇஎல்டிஎஸ் இல்லாமல் வெளிநாடு’ என்று பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது முழு உண்மையில்லை. உதவித்தொகை கொடுப்பவர் கேட்காவிட்டாலும் பல்கலைக்கழகம் கேட்கும். பல்கலைக்கழகம் விட்டாலும் விசாவுக்குக் கேட்கும் நாடு இருக்கிறது, ஆஸ்திரேலியா அப்படி. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று கடையில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மூன்றும் சரியாக அமைந்த பிறகு ஒருவர் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார் தெரியுமா? சியோலிலோ ரோமிலோ இல்லை. உங்கள் அலுவலக ஜன்னலில்.

சான்று கிடைத்தவர்களின் நிலைமையும் ஒன்றும் பெருமையாகச் சொல்லும்படி இல்லை. நான் ஸ்கேன் செய்து அனுப்பியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி, மீடியம் சான்று கேட்டவனுக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்தது. அவன் ஒழுக்கமானவன், மூன்று வருடம் இங்கே படித்தான் என்று இருந்தது; எந்த மொழியில் படித்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்றில் ‘எங்களுக்குத் தெரிந்தவரை ஆங்கில வழியில் பயின்றார்’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று வருடம் வகுப்பெடுத்து, தேர்வு வைத்து, மார்க் போட்ட கல்லூரிக்கே ‘தெரிந்தவரை’ என்றால் ஹங்கேரியில் இருப்பவர் எதை நம்புவார்? கடித எண் இருக்காது. தேதி இருந்தால் கையெழுத்துப் போட்டவரின் பெயர் இருக்காது. சீல் பாதி தாளுக்கு வெளியே போயிருக்கும். லெட்டர் பேடில் கல்லூரியின் மெயில் முகவரி ஜிமெயிலில் இருக்கும். சரிபார்க்க அங்கிருந்து மெயில் அனுப்பினால் பதில் போகாது. கேட்டால், அந்த பாஸ்வேர்டு பழைய சூப்பிரண்டென்டிடம் இருக்கிறது, அவர் ரிட்டையர் ஆகிவிட்டார் என்பார்கள்.

இனிஷியல் தொல்லை தனி. பட்டச் சான்றிதழில் ‘எம். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா முருகன்’. நமக்கு இதில் ஒன்றுமில்லை, இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலருக்கு இரண்டு ஆட்கள். சான்று எழுதும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியும் பெயரைச் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டால், எங்கள் ரெக்கார்டில் இருப்பதைத்தான் போடுவோம் என்று பதில் வருகிறது. இரண்டு பெயரையும் போட்டு, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி எழுதினால் ரெக்கார்டுக்கு எந்தப் பங்கமும் வராது.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். உண்மையான சான்றை நீங்கள் கொடுக்காதபோது பொய்யான சான்று தானாக வருகிறது. ஒரு கன்சல்டன்சியின் ஆள் என் கடைக்கு ஒரு பழைய எம்.ஓ.ஐ. கடிதத்தை, அதாவது பயிற்றுமொழிச் சான்றை, எடுத்துக்கொண்டு வந்தார். பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் மாற்றி, சீலை அப்படியே வைத்து ஒரு பி.டி.எஃப். போட்டுத் தர வேண்டும், 500 ரூபாய் தருகிறேன் என்றார். அனுப்பிவிட்டேன். அவர் அடுத்த தெருக் கடைக்குப் போயிருப்பார், அங்கே வேலை முடிந்திருக்கும். இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அந்தக் கடிதம் யாருக்காகத் தயாரானதோ அந்தப் பையன் ஆங்கில வழியில்தான் படித்தவன். அவனுக்கு உண்மையான சான்றே கிடைத்திருக்க வேண்டும். ஒரு நாள் இப்படி ஒன்று பிடிபட்டால் அந்தக் கல்லூரியின் பெயரையே அந்தப் பல்கலைக்கழகம் சந்தேகப் பட்டியலில் வைக்கும். அதற்குப் பிறகு நேர்மையாக வரிசையில் நின்று வாங்கியவரின் கடிதமும் குப்பைக்குப் போகும்.

சான்று கொடுக்க நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை கொடுக்க 2010-இல் சட்டம் போட்டோம். அதற்குப் பிறகு தமிழ் வழியில் படித்ததற்கான பி.எஸ்.டி.எம். சான்று என்பதைக் கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர்கூடக் கொடுக்கிறார். அதற்கு வரையறுத்த படிவம் உண்டு. எந்த வகுப்புவரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தளத்திலேயே படிவத்தை இறக்கி, என் கடையில் பிரிண்ட் எடுத்துப் போகிறார்கள். நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ் வழியில் படித்தவருக்கு இதைச் செய்துகொடுத்த அரசால், ஆங்கில வழியில் படித்தவருக்கு அதே மாதிரி ஒரு பக்கத்தைச் செய்துதர முடியாதா? அந்தப் படிவத்தில் மொழியை மட்டும் மாற்றினாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. நம் கல்லூரிகளில் ஒரே பட்டம் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. ஆங்கில வழியில் சேர்ந்துவிட்டுத் தேர்வை மட்டும் தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் அப்படி எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஆங்கில வழி என்று கையெழுத்துப் போட ஒரு முதல்வர் தயங்குவது சரிதான். போடவும் கூடாது. பயிற்றுமொழி இது, தேர்வு எழுதிய மொழி இது என்று இரண்டையும் தனித்தனி வரியில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். தேர்வைத் தமிழில் எழுதியவர் என்றால் அதையும் எழுதுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அங்கே இருப்பவர் பாடு.

“இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேச வராதவனுக்கு எதுக்கு சார் எம்.ஓ.ஐ.?” என்று ஒரு அலுவலர் என்னிடமே கேட்டார். இந்தக் கேள்வியை இன்னும் பலர் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஐயா, அந்தச் சான்று அவனுடைய ஆங்கிலத்துக்கு நீங்கள் கொடுக்கும் உத்தரவாதம் இல்லை. எந்த மொழியில் பாடம் நடந்தது என்பதற்கான ஆவணம். அவனுக்குப் பேச வருமா என்பதைப் பேராசிரியர் வீடியோ காலில் பார்த்துக்கொள்வார், பல இடங்களில் அப்படித்தான் பார்க்கிறார்கள். அப்புறம், எம்.எஸ்சி. வரை ஆங்கிலத்தில் பாடம் எடுத்தும் அவனுக்கு நாலு வார்த்தை வரவில்லை என்றால், அந்தக் கணக்கை அவனிடம் மட்டும் கேட்பது நியாயமா?

உயர்கல்வித் துறைக்குத் தனியாக ஒன்று. மாணவர்களின் திறனை வளர்க்கும் நான் முதல்வன் திட்டம் 2022-இலிருந்து நடக்கிறது. ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான தாட்கோ நிறுவனம் வழியாக ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் பயிற்சியும் அரசு அறிவித்திருக்கிறது. வெளிநாட்டு உயர்கல்விக்கு ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு இலட்சக்கணக்கில் உதவித்தொகையும் அரசு தருகிறது. எல்லாம் நல்லதுதான். தேர்வுக்குத் தயார்செய்யப் பணம் ஒதுக்குகிற அரசு, தேர்வே தேவைப்படாத இடங்களுக்கு ஒரு தாள் செலவில் பிள்ளைகளை அனுப்பலாம் என்பதை மட்டும் ஏனோ இன்னும் கையில் எடுக்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அரசுக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்த வழி இருப்பதே தெரியாது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கே காலையில் கேட்டால் மாலையில் எம்.ஓ.ஐ. கையில். அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கு என்னுடைய ஜெராக்ஸ் கடைதான் அந்த அலுவலகம். இது நன்றாக இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

முதலில், மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டும். பட்டச் சான்றிதழில் உள்ள பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பதிவெண், படிப்பு, சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு, பயிற்றுமொழி, தேர்வு எழுதிய மொழி, கையெழுத்திடுபவரின் முழுப்பெயர், பதவி, கடித எண், தேதி. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ‘எங்களுக்குத் தெரிந்தவரை’ அதில் இருக்கக் கூடாது.

யார் கையெழுத்துப் போடுவது என்பதை உயர்கல்வித் துறை ஓர் அரசாணையில் முடிவு செய்ய வேண்டும். கல்லூரி முதல்வரே போதும் என்பது என் கருத்து, ஏனென்றால் சேர்க்கைப் பதிவேடு அவரிடம்தான் இருக்கிறது. சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பதிவாளரின் கையெழுத்தைக் கேட்கின்றன. அதற்குக் கல்லூரியே பல்கலைக்கழகத்துக்கு ஆன்லைனில் அனுப்பி வாங்கிக் கொடுக்கட்டும். மாணவர் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறக் கூடாது.

விண்ணப்பித்த ஏழு வேலை நாட்களுக்குள் சான்று கிடைக்க வேண்டும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். கட்டணம் வைத்தால் எல்லா இடத்திலும் ஒரே கட்டணமாக இருக்கட்டும், ஆன்லைனில் கட்டும்படி வையுங்கள். டி.டி. எடுக்க பேங்குக்கு அனுப்பாதீர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் இருப்பவர்களிடம் கட்டணமே வாங்காதீர்கள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் அரசு டொமைனில் ஒரு மெயில் முகவரி கொடுத்து, சரிபார்க்கக் கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சான்றில் க்யூ.ஆர். குறியீடு இருந்து, ஸ்கேன் செய்தால் உங்கள் தளத்திலேயே அந்தச் சான்று திறந்தால், அந்த 500 ரூபாய் வியாபாரம் பெரிதும் அடங்கிவிடும்.

இனிமேல் அச்சாகும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் பயிற்றுமொழி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அது வந்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தனிச் சான்றே தேவைப்படாது, உங்களுக்கும் வேலை குறையும்.

எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பங்கள் அக்டோபர் வாக்கில் திறக்கத் தொடங்கும். ஹங்கேரிக்குக் கடைசித் தேதி ஜனவரி நடுவில் வரும். கொரியாவும் தைவானும் பிப்ரவரி, மார்ச்சில். ஆகவே சுற்றறிக்கை செப்டம்பருக்குள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். படிவம் தயாரானதும் அதன் நகலைக் கல்லூரி வாசல்களில் இருக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கும் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் முதலில் எங்களிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
கல்லூரி எதிரே பிரவுசிங் கடை நடத்துபவன்